காலையில் முதல் ஸ்டார்ட் இழுக்கிறதா? ஃபியூயல் பம்பை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி இது: 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 90,000 கி.மீ. ஓடியது. காலையில் முதல் தடவை ஸ்டார்ட் ஆக 6, 7 விநாடி செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. ஓட ஆரம்பித்துவிட்டால் குறை எதுவும் தெரியவில்லை. புது பேட்டரி போட்டாயிற்று. ஸ்கேன் செய்ததில் கோளாறு எதுவும் காட்டவில்லை. ஃபியூயல் பம்ப் போய்விட்டது, செட்டாக மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பம்பாகவும் இருக்கலாம். ஆனால் "ஓட ஆரம்பித்துவிட்டால் குறை இல்லை" என்கிறீர்களே, அது பம்ப் மோட்டாருக்குச் சாதகமான சாட்சி. மோட்டார் தளர்ந்திருந்தால் மேம்பாலம் ஏறும்போதும், நான்கு பேரோடு ஏ.சி. போட்டு ஓட்டும்போதும், ஓவர்டேக் செய்ய மிதிக்கும்போதும் இழுவை குறையும். அப்படி எதுவும் இல்லாமல் காலை ஸ்டார்ட் மட்டும் இழுத்தால், ராத்திரி முழுக்க வண்டி நிற்கும் நேரத்தில் பெட்ரோல் லைனில் இருந்த அழுத்தம் எங்கேயோ இறங்கிவிடுகிறது என்பதுதான் முதல் கணிப்பு. அது இறங்க நான்கைந்து வழிகள் உண்டு. சில வழிகள் பம்ப் செட்டுக்குள் இருக்கின்றன, சில வெளியே. வெளியே இருக்கும் வழியாக இருந்தால், புது பம்ப் போட்ட மறுநாள் காலையிலும் அதே 7 விநாடிதான் அடிக்க வேண்டியிருக்கும்.

ஸ்கேனரில் எதுவும் வரவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். சாதாரண எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைத் தெளிக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள) பெட்ரோல் என்ஜின்களில் பெரும்பாலும் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. அழுத்தம் 3 பார் (அழுத்தத்தின் அளவு) இருக்கிறதா, பூஜ்யமா என்பது என்ஜினை இயக்கும் கணினியான ஈ.சி.யூ.வுக்குத் தெரியாது. தெரியாத விஷயத்துக்கு அது எப்படி கோளாறுக் குறியீடு (கோடு) போடும்?

செல்ஃப் சத்தம்

பேட்டரி புதிது என்பதால் இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். "ஸ்டார்ட் ஆக லேட் ஆகிறது" என்று சொல்லப்படுவதில் இரண்டு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்றில் செல்ஃப் மோட்டாரே மந்தமாகச் சுற்றும். சத்தம் இழுத்து இழுத்து வரும், டேஷ்போர்டு விளக்குகள் மங்கும். இன்னொன்றில் செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுறுசுறுப்பாகச் சுற்றும், என்ஜின் மட்டும் பிடிக்காது. முதலாவது மின்சாரக் கோளாறு. இரண்டாவதில்தான் பெட்ரோல், ஸ்பார்க், சென்சார் என்ற பேச்சு வரும்.

காதை நம்பாவிட்டால் மல்டிமீட்டரை எடுங்கள். ராத்திரி நின்ற வண்டியில் காலையில் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. நல்ல பேட்டரி சின்ன என்ஜினில் 10க்கு மேலேயே நிற்கும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது.

பேட்டரி சரியாக இருந்தும் செல்ஃப் மந்தமாக அடித்தால் வயரைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகடிவ் முளையிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரில் தடை இருக்கிறது. பாசிடிவ் முளைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே இதே மாதிரி அளந்தால் 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். டெர்மினல் பூத்துப்போய், அதன் மேலேயே கிளாம்பை இறுக்கியிருப்பார்கள். புது பேட்டரி போட்டும் பலன் இல்லாமல் போவது பல நேரம் இதனால்தான்.

இந்த மின்னழுத்த விஷயம் பம்புக்கும் முக்கியம். செல்ஃப் அடிக்கும் அந்த விநாடிகளில் பம்புக்கும் அதே குறைந்த வோல்ட்தான் போகிறது. 12 வோல்ட்டில் நன்றாகத் தள்ளும் பம்ப் 8 வோல்ட்டில் பாதிகூடத் தள்ளாது. வயதான பம்பும் பலவீனமான எர்த்தும் சேர்ந்தால் எது குற்றவாளி என்று சொல்வது கஷ்டம். அதனால் முதலில் எர்த்தைச் சரி செய்யுங்கள்.

சாவியை வைத்தே ஒரு சோதனை

இதற்குச் செலவு கிடையாது, காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பு செய்ய வேண்டும்.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் ஈ.சி.யூ. பம்ப் ரிலேவை ஏறக்குறைய 2 விநாடி ஓட்டிவிட்டு நிறுத்திவிடும். பின் சீட் பக்கம் காது கொடுத்தால் மெல்லிய 'ம்ம்ம்' சத்தம் கேட்கும். என்ஜின் சுற்றுகிறது என்று கிராங்க் சென்சார் சொன்ன பிறகுதான் பம்பைத் தொடர்ந்து ஓட விடும். சில ஐரோப்பிய வண்டிகளில் டிரைவர் கதவைத் திறந்தவுடனேயே பம்ப் ஓடும். பட்டன் ஸ்டார்ட் என்றால் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் ஆன் நிலை வரும்.

இப்போது சாவியை ஆன் செய்து, சத்தம் நின்றதும் ஆஃப் செய்யுங்கள். 10 விநாடி பொறுத்து மறுபடி ஆன். இப்படி மூன்று தடவை. நான்காவதாக நேரடியாக ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு விநாடியில் என்ஜின் பிடித்துக்கொண்டால் லைன் காலியாக இருந்தது, பம்ப் அதை நிரப்பிவிட்டது என்று அர்த்தம். அதாவது பம்ப் மோட்டார் ஓடுகிறது, அழுத்தத்தையும் ஏற்றுகிறது. அந்த அழுத்தம் தங்கவில்லை என்பதுதான் கோளாறு. மூன்று தடவை செய்தும் அதே 7 விநாடி என்றால் அழுத்த இறக்கம் இல்லை, வேறு காரணம் தேட வேண்டும். 2 விநாடிச் சத்தமே கேட்கவில்லை என்றால் நேராக ஃபியூஸ், ரிலே, வயர் பகுதிக்குப் போகலாம்.

மறுநாள் காலையில் இன்னொன்றைச் செய்து பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் தரையோடு மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலான ஈ.சி.யூ.க்கள் இந்த நிலையில் இன்ஜெக்டரை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விடும். பெட்ரோல் நிறைந்துபோன சிலிண்டரை உலர்த்த வைத்திருக்கும் ஏற்பாடு அது. வழக்கத்தைவிட இப்படிச் சீக்கிரம் பிடித்தால், பிடித்ததும் சைலன்சரில் கறுப்புப் புகை வந்து பெட்ரோல் வாடை அடித்தால், இன்ஜெக்டர் ஒன்று ராத்திரி முழுக்கச் சொட்டிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பம்பை மாற்றினால் பணம்தான் போகும்.

அழுத்தம் எங்கே இறங்குகிறது

டேங்குக்குள் இருக்கும் பம்ப் செட்டில் மோட்டார், அடியில் வலை போன்ற ஸ்ட்ரெய்னர், ஃபில்டர், அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டர், மிதவை எல்லாம் ஒன்றாக இருக்கும். பம்பின் வெளிவாயில் ஒரு வழி வால்வு ஒன்று உண்டு. பம்ப் நின்றதும் அது மூடிக்கொண்டு, ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) வரைக்குமான பெட்ரோலை டேங்குக்குத் திரும்ப விடாமல் பிடித்து வைக்கும். அந்த வால்வின் இருக்கையில் கொஞ்சம் தூசு சிக்கினாலோ ரப்பர் தேய்ந்தாலோ பெட்ரோல் மெல்லத் திரும்பி வழிந்துவிடும். காலையில் காலியான லைனை முதலிலிருந்து நிரப்ப 2 விநாடி போதாது. மிச்சத்தை செல்ஃப் அடித்தபடி நிரப்புகிறீர்கள். அந்த 5 விநாடிதான் உங்கள் புகார்.

இதை உறுதி செய்ய பிரஷர் கேஜ் வேண்டும். ஊகத்தில் பம்ப் மாற்றும் கடையைவிட கேஜ் வைத்திருக்கும் கடைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் ஒரே அறிவுரை என்று வேண்டுமானாலும் இதை வைத்துக்கொள்ளலாம். நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் கேஜ் மாட்டத் தனி வாய் இருக்காது. லைனுக்கும் ரெயிலுக்கும் நடுவே டி வடிவ இணைப்பு போட்டுத்தான் மாட்ட வேண்டும். நிறுத்து வால்வோடு வரும் கேஜ் செட்டாக இருந்தால் நல்லது.

லைனைக் கழற்றுவதற்கு முன் அழுத்தத்தை இறக்க வேண்டும். பம்ப் ஃபியூஸையோ ரிலேவையோ பிடுங்கிவிட்டு என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள், தானாக நின்றுவிடும். இரண்டு மூன்று விநாடி செல்ஃப் அடித்து மிச்சத்தையும் தீருங்கள். பிறகு பேட்டரி நெகடிவைக் கழற்றி, இணைப்பைச் சுற்றித் துணி வைத்து மெதுவாகத் திறங்கள். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். தீயணைப்பான் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். மூடிய ஷெட்டுக்குள் இந்த வேலை வேண்டாம்.

கேஜ் மாட்டியதும் ஃபியூஸையும் நெகடிவையும் திரும்பப் போட்டு, சாவியை ஆன் செய்தால் முள் அந்த 2 விநாடிக்குள் எழ வேண்டும். திரும்பு குழாய் (மிச்சப் பெட்ரோலை டேங்குக்கே கொண்டுபோவது) இல்லாத இன்றைய அமைப்புகளில் பொதுவாக 3 முதல் 4 பார் வரை இருக்கும். உங்கள் மாடலின் சரியான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள், 0.3 பார் வித்தியாசம்கூட இங்கே பொருட்டு. ஐடிலில் முள் ஆடாமல் நிற்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் இந்த அமைப்பில் முள் நகரக் கூடாது. ரெயிலிலேயே ரெகுலேட்டரும் அதற்கு வேக்வம் குழாயும் இருக்கும் பழைய அமைப்பில், வேக்வம் குழாயைப் பிடுங்கினால் அழுத்தம் சுமார் அரை பார் ஏற வேண்டும். அந்தக் குழாய்க்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் சவ்வு கிழிந்திருக்கிறது. மேற்கொண்டு சோதிக்கவே வேண்டாம்.

இனி என்ஜினை நிறுத்திவிட்டுக் கேஜையே பாருங்கள். நிறுத்திய உடனே கொஞ்சம் இறங்குவது சகஜம். அதன் பிறகு நிற்க வேண்டும். 5, 10 நிமிடத்தில் பூஜ்யத்தை நோக்கிச் சரிந்தால் கசிவு உறுதி. மறுபடி அழுத்தம் ஏற்றி, என்ஜினை நிறுத்திய கையோடு பம்ப் பக்கத்து நிறுத்து வால்வை மூடுங்கள். இப்போது முள் நின்றுவிட்டால் கசிவு டேங்க் பக்கம்: ஒரு வழி வால்வு, ரெகுலேட்டர், அல்லது செட்டுக்குள் பம்பையும் மூடியையும் இணைக்கும் சின்ன ஹோஸ், ஓ-ரிங். வால்வை மூடியும் முள் இறங்கினால் கசிவு இன்ஜெக்டர் பக்கம். நிறுத்து வால்வு இல்லையே என்று நைலான் குழாயைப் பிளையரால் நசுக்காதீர்கள். அது மடங்கின இடத்தில் வெடிப்பு விழும், பிறகு ஓடும் வண்டியில் பெட்ரோல் பீய்ச்சும்.

இன்ஜெக்டர் பக்கம் என்று தெரிந்தால், ரெயிலை இன்ஜெக்டரோடு சேர்த்துத் தூக்கி, அழுத்தம் கொடுத்து நுனிகளைப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு சொட்டுக்கு மேல் விழுவது மாற்ற வேண்டியது. ஆறிய என்ஜினில் காலையில் பிளக்குகளைக் கழற்றினாலும் துப்புக் கிடைக்கும்: மூன்று உலர்ந்தும் ஒன்று கறுத்து ஈரமாகவும் இருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர்தான்.

பம்ப் மோட்டார் உண்மையிலேயே தளர்ந்திருந்தால்

அப்போது கதை வேறு. கேஜ் மெதுவாக ஏறும், அல்லது சொன்ன அளவை எட்டாது, அல்லது ஐடிலில் சரியாக இருந்து ஓட்டிப் பார்க்கும்போது விழும். வண்டியில் இழுவை குறைவு, வேகத்தில் திணறல், வெயிலில் ட்ராஃபிக்கில் நின்று நின்று போகும்போது சட்டென்று ஆஃப் ஆகி, அரை மணி நேரம் ஆறியபின் மறுபடி ஸ்டார்ட் ஆவது போன்றவை தெரியும். டேங்க் பக்கம் 'ம்ம்ம்' சத்தம் 'ஙீஈஈ' என்று மாறியிருக்கும். வழியில் நின்றுபோன வண்டியில், ஒருவர் செல்ஃப் அடிக்க இன்னொருவர் டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டினால் ஸ்டார்ட் ஆகிறது என்றால், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. வீடு போய்ச் சேரலாம். அடுத்த பயணத்தை நம்ப முடியாது.

ஓ.பி.டி. கருவி (ஈ.சி.யூ.வைப் படிக்கும் ஸ்கேனர்) இருந்தால் லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம்மைப் பாருங்கள்; ஈ.சி.யூ. பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்ற கணக்கு அது. பிளஸ் 10 சதவீதத்துக்கு மேல் நின்றால் என்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை, ஈ.சி.யூ. கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கிறது. ஐடிலில் அதிகமாகவும் வேகத்தில் குறைவாகவும் இருந்தால் என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் காற்றுக் கசிவு. வேகம் கூடக் கூட ட்ரிம் ஏறினால் பம்ப் அல்லது ஃபில்டர். பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவு) என்ற கோடு இந்த இரண்டுக்குமே வரும் என்பதால் கோடை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

அழுத்தம் குறைவு என்று கேஜ் காட்டினாலும் பம்பைக் கழற்ற அவசரப்படாதீர்கள். பம்பின் மின் இணைப்பில், அது ஓடிக்கொண்டிருக்கும்போது, வோல்ட் அளக்க வேண்டும். கழற்றிய கனெக்டரில் அளந்தால் அரித்த வயரும் 12 வோல்ட் காட்டும். சுமை இல்லாதபோது தடை வெளியே தெரியாது. பேட்டரியில் 14 இருக்கும்போது பம்பில் 13.5க்குக் குறைந்தால் ரிலே, ஃபியூஸ் பிடி, கனெக்டர், எர்த் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். டேங்க் மூடியின் கனெக்டர் பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகியிருப்பது அடிக்கடி நடக்கும். அதைப் பார்க்காமல் புது பம்பை அதே கருகின கனெக்டரில் செருகினால், புது பம்பும் குறைந்த வோல்ட்டில்தான் ஓடும்.

ரிலேவைச் சோதிக்க, அதே எண்ணுள்ள ஹார்ன் ரிலேவையோ ஏ.சி. ரிலேவையோ இடம் மாற்றிப் போட்டால் போதும். ரிலே சாக்கெட்டில் 30, 87 ஆகிய இரண்டு முனைகளை ஃபியூஸ் போட்ட வயரால் இணைத்தால் பம்ப் சாவி இல்லாமலே ஓடும். அந்த ஃபியூஸ் இருக்கும் இடத்தில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்தால் பம்ப் இழுக்கும் கரண்ட் தெரியும். சின்னக் காரில் 4 முதல் 6 ஆம்பியர் எதிர்பார்க்கலாம். அதைவிடக் கூடுதலாக இழுத்தால் பம்புக்குப் பிறகு எங்கோ அடைப்பு, பெரும்பாலும் ஃபில்டர், அல்லது மோட்டார் இறுகுகிறது. 2, 3 ஆம்பியர் மட்டும் இழுத்து அழுத்தமும் குறைவாக இருந்தால் பம்புக்கு முன்னால் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கிறது, டேங்க் காலி, அல்லது வயரில் தடை. இந்த ஓர் அளவு பல வாதங்களை முடித்துவைக்கும், ஆனால் எடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

ரிலேயை இப்படி இணைத்துவிட்டு, ரெயிலிலிருந்து கழற்றிய லைனை மூடியுள்ள கேனுக்குள் விட்டு 30 விநாடி ஓட்டினால், அரை லிட்டராவது வர வேண்டும். அழுத்தம் சரியாகவும் அளவு குறைவாகவும் இருந்தால் ஃபில்டர்தான். தீப்பொறி எழக்கூடிய எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ரிலே முனைகளை கேனிலிருந்து தள்ளி நின்று இணையுங்கள்.

பம்ப் இல்லாத காரணங்கள்

அழுத்தம் முழுக்கச் சரி, காலையில்கூட இறங்கவில்லை, ஆனாலும் இழுக்கிறது என்றால் நான் முதலில் பார்ப்பது கூலன்ட் வெப்பநிலை சென்சார். காலையில் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஓ.பி.டி.யில் கூலன்ட் வெப்பநிலையையும் உள்காற்று வெப்பநிலையையும் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் சில டிகிரிக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 27, கூலன்ட் 65 என்று காட்டினால், என்ஜின் சூடாக இருக்கிறது என்று ஈ.சி.யூ. நினைத்துக்கொண்டு குளிர் ஸ்டார்ட்டுக்குத் தேவையான கூடுதல் பெட்ரோலைக் கொடுக்காது. சென்சாரின் தடை 20 டிகிரியில் சுமார் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் இருக்கும்.

கிராங்க் சென்சார் பழுதானால் செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் அசையாது, ஓ.பி.டி.யிலும் பூஜ்யம் காட்டும். நல்ல நிலையில் 200 சொச்சம் தெரியும். சூடானபின் மட்டும் இது வேலை நிறுத்தம் செய்வது வழக்கம். கிராங்க் சிக்னல் இல்லாவிட்டால் ஈ.சி.யூ. பம்பையும் ஓட்டாது என்பதால், பம்ப் செத்துவிட்டது என்று முடிவு கட்டி மாற்றப்பட்ட பம்புகளில் இதற்குப் பங்கு உண்டு. கேம் சென்சார் போனால் பல என்ஜின்கள் இரண்டு மூன்று சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டுப் பிடிக்கும்.

ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் உடனே பிடிக்கிறது, மிதிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றால் என்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறது. கிளீன் செய்து, ஐடில் ரீலேர்ன் (ஈ.சி.யூ.வுக்கு ஐடில் அளவை மறுபடி கற்றுக்கொடுப்பது) செய்தால் போதும். பங்க்கில் டேங்க் நிரப்பிய உடனே மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டிகள் உண்டு: அது பர்ஜ் வால்வு மூடாமல் நிற்பதால் டேங்க் ஆவி இன்டேக்கில் நிறைவது. என்ஜின் ஆஃபில் இருக்கும்போது அந்த வால்வின் குழாயில் ஊதினால் காற்றுப் போகக் கூடாது. ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடியில் அணைந்து, சாவிப் படம் போட்ட விளக்கு மின்னினால் இம்மொபிலைசர், அதாவது திருட்டுத் தடுப்பு அமைப்பு. இன்னொரு சாவியை முயன்று பாருங்கள். பழைய ஃபோர்டுகளில் மோதலில் பம்பைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்த பிறகு பம்ப் சத்தமே இல்லை என்றால் அதன் பட்டனை அழுத்திவிட்டால் சரியாகிவிடும்.

பிளக் இடைவெளியை மறந்துவிடாதீர்கள். 90,000 கி.மீ.யில் சாதாரண நிக்கல் பிளக் மாற்றாமல் இருந்தால் இடைவெளி அகன்று, செல்ஃப் அடிக்கும் குறைந்த வோல்ட்டில் ஸ்பார்க் திணறும்.

பம்ப் ஏன் போகிறது

பம்ப் மோட்டார் பெட்ரோலுக்குள்ளேயே மூழ்கி ஓடுகிறது. அதைக் குளிர வைப்பதும் வழுக்க வைப்பதும் அதே பெட்ரோல்தான். எப்போதும் 200, 300 ரூபாய்க்கு மட்டும் போட்டு ரிசர்வ் விளக்கோடு ஓட்டினால் சூடு ஏறும், அடியில் தங்கிய கசடும் ஸ்ட்ரெய்னருக்குள் வரும். கால் டேங்குக்குக் கீழே விடாமல் இருப்பது பம்புக்கு நீங்கள் செய்யும் மலிவான பராமரிப்பு. வாங்கிய பிறகு பொருத்திய சி.என்.ஜி. கிட் உள்ள வண்டிகளில் இது இன்னும் மோசம். பெட்ரோல் தேவைப்படுவது ஸ்டார்ட்டுக்கு மட்டும்தானே என்று 2 லிட்டரில் மாதக்கணக்கில் ஓட்டுவார்கள்; கிட்டை இணைத்த விதத்தைப் பொறுத்து கேஸில் ஓடும்போதும் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும்.

உங்களுடையது 2015 மாடல் என்பதால் எத்தனால் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியாவில் இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. பாகங்கள் இ20க்கு ஏற்றவையாக வண்டிகள் வரத் தொடங்கியது அதே ஆண்டு ஏப்ரலிலிருந்து. அதற்கு முந்தைய வண்டிகளில் ரப்பர் ஹோஸ், கேஸ்கட், ஓ-ரிங் சீக்கிரம் உப்பலாம் அல்லது விறைக்கலாம். டேங்கில் பல வருடம் ஒட்டியிருந்த கசடை எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும்; அது நேராக ஸ்ட்ரெய்னரில் போய் உட்காரும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் தங்கும், ஸ்ட்ரெய்னர் இருப்பதும் அங்கேதான். மழைக்காலத்தில் பங்க் மாற்றிப் பெட்ரோல் போட்ட பிறகு தகராறு தொடங்கினால், அரை லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்கைக் காலி செய்து துடைப்பதைத் தவிர வழியில்லை. எத்தனால் ஆவியாக, பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் வேண்டும் என்பதால் ஊட்டி, கொடைக்கானல் காலைகளில் குளிர் ஸ்டார்ட் கொஞ்சம் நீளலாம். சமவெளியில் அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

டேங்கில் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். சில கார்களில் பின் சீட்டைத் தூக்கினால் மூடி தெரியும். சிலவற்றில் டேங்கையே இறக்க வேண்டும், லேபர் கூடும். மூடியைத் திறக்குமுன் அதைச் சுற்றியுள்ள மண்ணை வேக்வம் கிளீனரால் உறிஞ்சுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் டேங்குக்குள் விழும். பூட்டு வளையத்தை இரும்பு உளியால் தட்டாதீர்கள், பித்தளை அல்லது மரக்கட்டை பயன்படுத்துங்கள்.

செட்டாக மாற்றுவதா, மோட்டாரை மட்டும் மாற்றுவதா என்பதற்கு என் பதில்: ரெகுலேட்டரும் மிதவையும் நன்றாக இருந்து, நல்ல நிறுவனத்தின் மோட்டார் தனியாகக் கிடைத்தால் மோட்டார் மட்டும் போதும். ஆனால் ஸ்ட்ரெய்னரையும் மூடியின் ரப்பர் கேஸ்கட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். உள்ளே இருக்கும் ஹோஸ் அறுந்திருந்தால், கடையில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல் ஹோஸைப் போடக் கூடாது. அது உள்பக்கம் மட்டும்தான் பெட்ரோலைத் தாங்கும், வெளிப்பக்கமும் மூழ்கினால் சில மாதத்தில் கூழாகிவிடும். டேங்குக்குள் மூழ்கி இருக்க எஸ்.ஏ.ஈ. 30ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ்தான் வேண்டும். பெட்டியில் பெயர் மட்டும் இருக்கும் டூப்ளிகேட் பம்புகளில் முதலில் தோற்பது அந்த ஒரு வழி வால்வுதான். அதனால்தான் "புது பம்ப் போட்டும் காலையில் இழுக்கிறது" என்ற புகார் வருகிறது. மாட்டியதும் பழைய கேஜை மறுபடி மாட்டி, என்ஜினை நிறுத்தி, பத்து நிமிடம் அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

இதெல்லாம் முடியும்வரை தற்காலிகமாக, காலையில் சாவியை மூன்று தடவை ஆன் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்துகொள்ளலாம். ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். அரை நிமிடம் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டார் சூடேறும், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போகும். பெட்ரோல் வாடை காருக்குள் அடித்தால் மட்டும் தற்காலிகம் என்பதே கிடையாது, வண்டியை எடுக்காதீர்கள்.

டீசல் வைத்திருப்பவர்கள் இதே கேள்வியைக் கேட்பதால் ஒரு வார்த்தை. காமன் ரெயில் டீசலில் ரெயில் அழுத்தம் ஏறக்குறைய 200 பாரை எட்டாமல் ஈ.சி.யூ. இன்ஜெக்டரைத் திறக்காது, அங்கே சென்சாரும் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் அந்த எண்ணைப் பாருங்கள். ஏறவே இல்லை என்றால் முதலில் ஃபில்டர், அதன் அடியில் தேங்கும் தண்ணீர், இணைப்புகளில் காற்று புகுதல். கை பம்பை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கிறது என்றால் காற்றுதான். அதுவும் இல்லையென்றால் இன்ஜெக்டர்களின் திரும்பு குழாய்களை நான்கு சின்ன பாட்டில்களில் விட்டு என்ஜினை ஓட்டுங்கள். மற்றவற்றைவிட வேகமாக நிரம்பும் பாட்டில் எதுவோ, அந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள் கசிகிறது. ஹை பிரஷர் பம்பைக் குறை சொல்வது இதற்கெல்லாம் பிறகுதான். ஓடும் என்ஜினில் அந்த ஹை பிரஷர் குழாய்களின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய டீசல் பழக்கம் இங்கே கூடவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.